பதினாலாம் பக்கத்து மனிதர்

ஜூன் 4

அக்கா,

புத்தகம் வந்துவிட்டது. கூரியர்க்காரர் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் நான் வேலை செய்யும் அச்சுக் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அட்டையின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. மிஷின் அண்ணன் அதை வாங்கி, இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து, மதியம் வரை அழுத்தி நிமிர்த்திக் கொடுத்தார். விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் தவிர வேறெதையும் அச்சடித்துப் பழகாத மனிதர். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேப்பர் நல்ல பேப்பர்" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

வீட்டுக்குக் கொண்டுவந்துதான் நான் சரியாகப் பார்த்தேன். கையெல்லாம் கட்டிங் மிஷின் தூசி. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் திறந்தேன். பஸ் நிலையத்தில் அம்மாவைத் தொலைத்த உன் கதைக் குழந்தை மஞ்சள் சட்டையில் அப்படியே இருக்கிறாள். அவளைச் சுற்றி என் ஆட்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. துண்டுக் காகிதத்தில் கட்டைவிரல் அளவுக்கு நான் போட்டவர்கள் இவ்வளவு பெரிய பக்கத்தில் கூட்டமாக நிற்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நீ போன நாள் வரை நான் வரைந்ததில் ஒருவரைக்கூட நீ விடவில்லை.

அம்மா அட்டையில் இருக்கும் உன் பெயரை விரலால் தடவினாள். அப்புறம் பின்னட்டை, உள்பக்கம், கடைசிப் பக்கம் என்று தேடினாள். "உன் பேரு எங்கடி இருக்கு?" என்றாள். சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி இல்லாமல் உனக்குத் தெரியாது என்று சமாளித்தேன். நான் ஏற்கெனவே தேடிவிட்டேன். அச்சகத்தின் பெயரும் விலாசமும் இருக்கின்றன.

மறந்துவிட்டாயா?

ஃபோனில் கேட்டிருக்கலாம். ஆனால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். எல்லார் காதிலும் விழும்படி இதைக் கேட்க எனக்கு வராது. எப்படியும் படங்கள் தபாலில்தான் வரவேண்டும், கூடவே இதையும் வைக்கிறேன். இந்தத் தடவை ஆறு முதுகு. குடையோடு நிற்பவரின் கால் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. நேற்று அப்பா கண்ணாடி டம்ளரில் ஸ்பூனைப் போட்டு ஆட்டினார். நீ பிரஷ் அலசும் சத்தம் போலவே இருந்தது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.


ஜூன் 15

எலிக்கு,

விருந்தாளி வந்தால் பீரோவுக்குப் பின்னால் போய் நிற்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கோபித்துக்கொள்ளாதே.

உன் ஆறு பேரும் பத்திரமாக வந்தார்கள். குடைக்காரரின் காலைத் தொடாதே, அந்த நீளம்தான் அழகு.

ஸ்டூடியோ எப்படி இருக்கும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். படித்துக் காட்டு. பழைய கார் ஷெட், ஆறு மேஜை, ஒரே ஒரு மின்விசிறி. என் இடப்பக்கம் தாடி. நாள் முழுக்க பிஸ்கட் பாக்கெட்டுக்குப் படம் போடுகிறவன். பிஸ்கட்டைக் கண்டாலே ஓடுகிறான். வலப்பக்கம் புள்ளி. வானமோ மாடோ எதுவானாலும் புள்ளி வைத்தே வரைவாள். இங்கே எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. புத்தகம் வந்த பிறகு எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. "முதுகு வந்தாச்சா?" "முதுகுக்கு ஒரு டீ." முதலில் சிரிப்பாக இருந்தது, இப்போது திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விளையாட்டு. ஆறு பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ அவர் கைவாகில் எல்லாரும் ஒரு படம் போட வேண்டும், அந்த ஆளும் சேர்த்து. கையெழுத்து இல்லாமல் பலகையில் குத்திவைத்து, எது அசல் என்று கண்டுபிடிக்க வேண்டும். போன வாரம் தாடியின் பெயர் வந்தது. ஆறு பேரும் பிஸ்கட் வரைந்தோம்.

பெயர் விஷயம். பதிப்பகத்தில் அவசரமாகப் படிவம் கொடுத்தார்கள். 'படங்கள்' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாதக் கடைசியில் புத்தகத்தின் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள். நான் பேச வேண்டுமாம். அதற்குப் பிறகு இன்னொரு வேலையும் வரும்போல இருக்கிறது. நாற்பது முதுகாவது வேண்டும். சீக்கிரம் அனுப்பு, என் செல்லம் இல்லையா.


ஜூலை 2

அக்கா,

பன்னிரண்டு வைத்திருக்கிறேன். நாற்பது இல்லை. இனிமேல் வராது.

நீ கண்காட்சியில் பேசியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். முதலாளியம்மா கடைக் கம்ப்யூட்டரில் அதைக் கண்டுபிடித்து, எல்லாரையும் கூப்பிட்டார். மிஷின் அண்ணன் மிஷினையே நிறுத்திவிட்டு வந்து நின்றார். நீ முடியை வெட்டிக்கொண்டிருந்தாய். எனக்குச் சொல்லவே இல்லை. முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன்.

எல்லாரும் ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மூணு வருஷமா பஸ் ஸ்டாண்டுல நின்னு பார்த்தேன். போறவங்க எல்லாம் தங்களோட நாளையைப் பார்த்துப் போறாங்க. அதான் அவங்க முகம் நமக்குத் தெரியல" என்றாய். கை தட்டினார்கள். எங்கள் கடையிலும் தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே.

மூன்று வருஷமும் விடியற்காலையில் போய் நின்றது நான். நீ அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாய். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்து வரைய எனக்குத் தைரியம் கிடையாது. நான் பார்த்தால் அவர்களும் பார்ப்பார்கள். அதனால் பின்னால் நின்று வரைந்தேன். அதில் நாளையும் இல்லை, நாளன்றைக்கும் இல்லை.

அதைக்கூட விட்டுவிடுவேன். பதினாலாம் பக்கத்தைக் காட்டி, தனியாகப் போகிற இந்த ஆள் யார் என்று கேட்டார்கள். "தெரியாது. கற்பனையா வந்த ஒருத்தர்" என்றாய்.

அது அப்பா, அக்கா.

நீ ஊரைவிட்டுப் போன அன்று உன் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்தாரே, அந்த அப்பா. நீ ஜன்னல் சீட்டு கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். கேஸ் சிலிண்டர் தூக்கித் தூக்கி அவர் வலது தோள் இறங்கியிருப்பது உனக்குத் தெரியாதா? கையில் சுமை ஒன்றும் இல்லாமல் நடக்க அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கையையும் உடம்பைவிட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு போனார். அதைத்தான் வரைந்தேன். காகிதத்தின் பின்னால் தேதியும் போட்டிருந்தேன். நீ பின்பக்கம் பார்க்கவில்லை.


ஜூலை 9

உன் கடிதம் வந்தது.

ஐம்பது பேர் எதிரில் நின்று பார், அப்புறம் பேசு. என்ன சொல்லச் சொல்கிறாய்? "இதெல்லாம் என் தங்கச்சி போட்டது, அவள் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறாள்" என்றா? உன் பெயரைப் போட்டால் உன்னைக் கூப்பிடுவார்கள். வந்து மேடையில் நிற்பாயா? எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னதற்கே பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நீ. பஸ் நிலையத்துத் துண்டுக் காகிதங்களை ஒட்டி, கலர் கொடுத்து, கதை எழுதி, ஒன்பது பதிப்பகங்களின் வாசலில் நின்றது யார்? நான் இல்லையென்றால் அவை இன்னமும் உன் தலையணை உறைக்குள்தான் இருக்கும்.

இரண்டாவது புத்தகத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டேன். முழுக்க முழுக்க முதுகு. அக்டோபரில் கொடுக்க வேண்டும். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ம்" என்று சொல்லியிருப்பாய், வழக்கம்போல.

அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம்.


ஆகஸ்ட் 3

எலி,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஃபோன் செய்தால் அம்மா, "அவ பக்கத்துலதான் இருக்கா, தலையை ஆட்டுறா" என்கிறாள். எந்தப் பக்கம் ஆட்டுகிறாய் என்று கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும்தான்" என்கிறாள்.

நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. அந்த வரியை எழுதும்போதே இது தைக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். அதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

நீ சொன்ன பக்கத்தை நான் உடனே பார்க்கவில்லை. பார்த்தால் நீ சொன்னது உண்மையாகிவிடும் என்று பயம். போன வாரம் அசல் காகிதங்களை எடுத்துத் திருப்பினேன். உன் பென்சிலில் தேதி. அப்புறம் முன்பக்கத்தைப் பார்த்தேன். நான்கு மாதம் இந்தப் படத்தை என் திரையில் வைத்துக் கலர் கொடுத்தேன். சட்டைக்கு நீலமா பச்சையா என்று தாடியிடம் கேட்டேன். அப்பாவிடம் பச்சைச் சட்டையே கிடையாது. பச்சை கொடுத்திருக்கிறேன்.

ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஆனால் அந்தப் பக்கத்து ஜன்னல். அவர் நடந்து போனதை நான் பார்க்கவே இல்லை. உன்னால்தான் இப்போது பார்க்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சீட்டில் என் பெயர் வந்தது. ஆறு பேரும் முதுகு வரைய வேண்டும், நானும்தான். பத்து நிமிஷம். நான் ஒரு பெண் பையோடு நிற்பதைப் போட்டேன். துணிக்கடைப் பொம்மை மாதிரி வந்தது. பலகையில் ஆறையும் குத்தினார்கள். புள்ளி என் படத்தைக் காட்டி, "இது நிச்சயமா அசல் இல்ல. யாரோ பார்த்துப் போட்டிருக்காங்க" என்றாள். எல்லாரும் தாடியின் படத்தை அசல் என்று சொன்னார்கள். உண்மை தெரிந்ததும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கப் கழுவும் இடத்தில் புள்ளி மெதுவாக, "அப்ப அதெல்லாம் யாரு போட்டது?" என்று கேட்டாள். "என் தங்கச்சி" என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "என்கிட்ட ஏன் சொல்றே? சொல்ல வேண்டிய இடம் இது இல்லையே" என்று சொல்லிவிட்டு, என் கப்பையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

சொல்ல வேண்டிய இடத்துக்கு இன்னும் போகவில்லை. தினமும் கிளம்புகிறேன்.


ஆகஸ்ட் 19

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு காகிதம் கிழித்தேன். அம்மா, "அவ எழுதினா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே, எழுதலேன்னா அதுக்கும் தூக்கி வெச்சுக்கிறே. மூஞ்சி வலிக்காதா?" என்கிறாள்.

அப்பாவிடம் பதினாலாம் பக்கத்தைக் காட்டினேன். "யாருடி இந்த ஆளு, எதையோ தொலைச்சவன் மாதிரி போறான்?" என்றார். நீதான்ப்பா என்றேன். நம்பவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "உங்க தோளு உங்களுக்கே தெரியலையா?" என்றதும்தான் புத்தகத்தைக் கையில் வாங்கினார். வெகுநேரம் வைத்திருந்தார். அப்புறம், "பெரியவகிட்ட இதைச் சொல்லாதே" என்றார். ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவருடைய முதுகு அவருக்கே தெரியவில்லை, உனக்குத் தெரியாததில் பெரிய குற்றம் இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. மறுநாள் காலையில் அப்படித் தோன்றவில்லை.

பச்சைச் சட்டை அவருக்குப் பிடித்திருக்கிறதாம்.

நீ மேடையைப் பற்றி எழுதியது சரிதான். நான் வரமாட்டேன். எனக்கு மேடை வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்ட அன்று டீச்சர் வருகைப் பதிவேட்டில் என் பெயர்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். பின்பக்கம் மை தெரியும்படி அழுத்திப் போட்டார். அதற்குப் பிறகு என் பெயரை யாரும் எங்கேயும் எழுதவில்லை. கடையில் வேலைச் சீட்டில் 'கட்டிங்' என்றுதான் எழுதுகிறார்கள். தினம் ஆயிரம் பேருடைய பெயரை நேராக வெட்டுகிறேன் அக்கா. விசிட்டிங் கார்டில் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் அச்சில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது நம் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன். இதை நான் உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்று சொல்லி இருந்துவிட்டது என் தப்பு.

முதுகு எதுவும் இத்துடன் இல்லை. வரைகிறேன், ஆனால் அனுப்புகிற மாதிரி வருவதில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் எனக்கு உட்கார இடம் இல்லாத மாதிரி இருக்கிறது. எல்லா இடமும் காலியாகத்தான் இருக்கிறது.

முடியை ஏன் வெட்டினாய்?


செப்டம்பர் 4

எலி,

போய்ச் சொல்லிவிட்டேன்.

பதிப்பகத்து எடிட்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நான் இத்தனை நாள் தப்பான ஆளோட பேசிட்டிருந்தேனா?" என்றார். கத்தியிருந்தால் தேவலை. கண்காட்சியை நீட்டிப்பதாக இருந்தார்கள், நிறுத்திவிட்டார்கள். முதல் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் உன் பெயர் வரும். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி என் கண்ணால் பார்த்துவிட்டேன். உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இருக்கிறது.

இரண்டாவது புத்தகத்தின் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டார். அந்தப் புத்தகத்தை உன்னிடம் கொடுக்கப் போகிறாராம். உன்னிடம் மட்டும். இந்த மாதமே உன்னைப் பார்க்க வருவார். பயப்படாதே, நல்ல மனுஷி, அதிகம் நோண்ட மாட்டார். ஒத்துக்கொள். நான் நடுவில் வரமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

ஸ்டூடியோவில் மேஜை இருக்கிறது. தாடியின் பிஸ்கட்டுகளுக்குக் கலர் கொடுக்கிறேன். ஒரே ஒரு மாற்றம். யாரும் முதுகு என்று கூப்பிடுவதில்லை. மரியாதையாக, முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அது என்னவோ தாங்க முடியவில்லை.

முடியை வெட்டியதற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. இங்கே பின்னிவிட ஆள் இல்லை.


செப்டம்பர் 21

அக்கா,

எடிட்டரம்மா நேற்று கடைக்கே வந்துவிட்டார். பெரிய பையும் மழைக்கோட்டுமாக வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். முதலாளியம்மாவுக்கு யாரைக் கேட்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "அதுவா, அது பேசாது மேடம். வேலை மட்டும் செய்யும்" என்றார். "பரவாயில்ல, நான் பேசுறேன்" என்று அவர் பேப்பர் கட்டுமேல் உட்கார்ந்துகொண்டார்.

நான் வெட்டிக்கொண்டிருந்த கார்டுகளை முடிக்கும் வரை காத்திருந்தார். என்னைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார். அது எனக்கு வசதியாக இருந்தது. சமீபத்தில் வரைந்தது இருக்கிறதா என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இருபது இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"கோடு மேல கோடு போட்டுட்டே போயிருக்கே. இந்த ஆளோட சட்டை ஒரே கறுப்பா கிடக்கு. புத்தகத்துல இருக்கிறது எதுவும் இப்படி இல்லையே" என்றார்.

"நிறுத்தத் தெரியல" என்றேன். மிஷின் அண்ணன் திரும்பிப் பார்த்தார். என் குரல் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு நேற்றுத்தான் தெரிந்திருக்கும்.

"அப்ப முன்னாடி எப்படித் தெரிஞ்சுது?"

"அக்கா பிடுங்கிடுவா."

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் நிலையத்தில் நான் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு வருவேன், வீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் முடிப்பேன், நான் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது நீ எதிர்பாராமல் காகிதத்தைப் பிடுங்கி, கைக்கு எட்டாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொள்வாய், நான் முடியவில்லை என்று கத்துவேன், முடிந்துவிட்டது என்று நீ சொல்வாய். இருநூற்றுப் பதினொரு முறை. நீ போன அன்று பஸ் கிளம்பியதும் அப்பா திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால் பதினாலாம் பக்கம் மட்டும் தானாக நின்றது. இவ்வளவையும் நான்தான் பேசினேன் அக்கா. நடுவில் தண்ணீர் குடித்தேன்.

இத்தனை நாள் எனக்கே இது தெரியாது. நீ போன பிறகு என் கைதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தனியா செய்ய மாட்டியா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். "உங்க அக்காவை மன்னிச்சுட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் எப்படி?" என்றார். அடுத்த கட்டை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே புதுத் தாள்களை எடுத்து, நம் இரண்டு பேர் பெயரிலும் ஒப்பந்தம் எழுதினார்.

எனக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டார். நானும் போட்டேன். மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. அம்மா அதைத் தபாலில் அனுப்பச் சொல்கிறாள். அனுப்ப மாட்டேன். நீ இங்கே வந்துதான் போட வேண்டும்.

கோபம் போகவில்லை. அது எப்போது போகும் என்றும் தெரியவில்லை. அது வரைக்கும் காத்திருந்தால் இந்தப் புத்தகம் வராது. கோபத்தை வைத்துக்கொண்டே உன் பக்கத்தில் உட்கார என்னால் முடியும். உன்னாலும் முடியும் என்றால் எத்தனை மணி பஸ் என்று மட்டும் எழுது.